மலையேற்றத்தில் எஞ்சின் சூடு: உங்கள் அனுபவம் என்ன?

நானுஓயாக்காரன்:
"இந்த வெயில் நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று, எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் அந்த வால்வைக் கழற்றி எறியும் வாகனம் திருத்தும் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். கொழும்பில் ஓடிய ஒரு பழைய வேன் அந்தக் கோலத்தில்தான் என்னிடம் வந்தது. பனிக்காலக் காலையில் தலவாக்கலைக்கு இறங்கினால் வெப்பமுள் அடியை விட்டு எழும்பாது. டீசலை மட்டும் தாராளமாகக் குடிக்கும். அதே வேன் ஆட்களை நிரப்பிக்கொண்டு ரம்பொடை வளைவுகளில் ஏறினால் முள் சிவப்பை நெருங்கிவிடும்!

தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது ஒரு மெழுகுக் குப்பி. 82 அல்லது 88 பாகை செல்சியஸ் என்று அதிலேயே பொறித்திருக்கும். அந்தச் சூடு வரும்வரை வழி அடைபட்டு, கூலன்ட் என்ற குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பிறகு மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ள, ரேடியேட்டருக்குப் பாதை திறக்கும். என் வேனில் உள்ளது போன்ற சில எஞ்சின்களில், பாதை திறக்கும்போதே உட்சுற்றுக் குழாயை மூடுவதும் அதே வால்வுதான். அதைக் கழற்றிவிட்டால் கொதிக்கும் நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். குளிரில் சூடேறாததற்கும் ஏற்றத்தில் கொதித்ததற்கும் காரணம் ஒன்றே.

புதிதாக வாங்கியதை மாட்டுமுன் சட்டியில் நீர் வைத்துக் காய்ச்சிப் பார்த்தேன். நுவரெலியா உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். வால்வு திறக்க அது போதும், திறந்தது. இப்போது ஏற்றமோ இறக்கமோ, முள் நடுவில்தான்.

பண்டாரவளை லொறி:
நல்ல விளக்கம் தம்பி. மூடியையும் பாருங்கள். அழுத்தத்தை உள்ளே அடைத்து வைத்து, நீர் கொதிக்கும் சூட்டை உயர்த்துவது அதுதான். 0.9 என்று அழுத்த அளவு போட்டிருக்கும் நல்ல ரேடியேட்டர் மூடி, நீங்கள் சொல்லும் அந்த நுவரெலியாவிலும் வெறும் நீரை 115 பாகை வரை கொதிக்க விடாது. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும்போதெல்லாம் என் லொறி நீரைக் கக்கிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரை மாற்றச் சொன்னார்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் சூடாக இருக்கும்போது யாரும் அதில் கை வைக்க வேண்டாம். வெந்துபோன கைகளைப் பார்த்திருக்கிறேன்.

புசல்லாவை டீச்சர்:
எங்கள் காரில் மின்விசிறியின் வயரை எலி கடித்துவிட்டது. வேகமாக ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்ததால் அது தெரியவில்லை. கம்பளையிலிருந்து வரும் வழியில் ஒரு பஸ்ஸின் பின்னால் ஊர்ந்தபோதுதான் முள் ஏறத் தொடங்கியது. ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே, எஞ்சின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை முள் தாக்குப்பிடித்தது. பின்சீட்டில் கம்பளிச் சட்டையோடு இருந்த மாமியாருக்கு இந்த விஞ்ஞானத்தை இன்றுவரை விளங்கப்படுத்த முடியவில்லை.