சர்வீஸ் முடிந்த கச்சர், நாய், குதிரை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

■ குடியாத்தம் பக்கம், 18 வருஷம் சர்வீஸ்

நான் ராணுவத்தில் கச்சர்காரன். கச்சர் என்றால் கோவேறு கழுதை. வண்டி ஏறாத மலைக்கு ரேஷனும் குண்டும் கழுதை முதுகில் கொண்டுபோகிற ஏ.டி. (அனிமல் டிரான்ஸ்போர்ட்) கம்பெனி. மிலிட்டரியில் என்ன வேலை என்று ஊரில் கேட்டால் மழுப்பிவிடுவேன். கழுதை மேய்த்தேன் என்றால் அப்போது யார் பெண் கொடுத்திருப்பார்கள்?

கச்சருக்குப் பெயர் கிடையாது. குளம்பில் சூட்டுக்கோலால் எண் போட்டிருக்கும். குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், லாடம் மாற்றும்போது சீவுவார்கள். எண்ணும் மெல்லக் கீழே இறங்கிவிடும். அதனால் சில மாதத்துக்கு ஒரு தரம் மறுபடி சூடு போடுவோம். வலிக்காது. முடி கருகுகிற நாற்றம் மட்டும் லைன் முழுக்க அடிக்கும்.

வயசானால், கால் போனால் போர்டு உட்காரும். காஸ்ட், அதாவது கழித்தாயிற்று என்று எழுதிவிட்டால் கணக்கிலிருந்து போயிற்று. என்னோடு கார்கில் ஏறிய கச்சர் 2001-ல் காஸ்ட் ஆனபோது நான் லீவில் ஊரில் இருந்தேன். திரும்பிப் போனால் அதன் இடத்தில் வேறொன்று நின்று தின்றுகொண்டிருக்கிறது. கேட்டதற்கு ஏலம் என்றார்கள். அதற்கு மேல் கேட்கிற வழக்கமில்லை.

2004-ல் பென்ஷன் வந்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வைஷ்ணோ தேவி போனேன். கட்ராவிலிருந்து மேலே கோயிலுக்குச் சுமார் 13 கிலோமீட்டர் ஏற்றம். எதிரே ஒரு கச்சரின் மேல் ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு அலறியபடி இறங்கி வருகிறார். அது பள்ளத்து ஓரமாகவே நடக்கிறது. குதிரைக்காரன் உள்பக்கம் இழுத்துவிட்டாலும் நாலு அடியில் திரும்ப ஓரத்துக்கு வந்துவிடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. இரண்டு பக்கமும் பெட்டி கட்டி மலையில் நடந்த கச்சர் பாறையை ஒட்டி நடக்காது. பெட்டி பாறையில் இடித்தால் ஆளோடு பள்ளம்தான் என்று அதற்குத் தெரியும்.

கிட்டப் போய்க் குனிந்து குளம்பைப் பார்த்தேன். எண் இல்லை. மூன்று வருஷத்தில் அந்தக் குளம்பு எத்தனை தரம் புதிதாகியிருக்குமோ.

1971 போரில் எதிரியிடம் பிடிபட்டு, முதுகில் இருந்த சுமையோடே நடந்து திரும்பி வந்த ஒரு ஸ்பானியக் கச்சரைப் பற்றி எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கே 'பெடோங்கி' என்று பெயர் வைத்தது பல வருஷம் கழித்துத்தான். பெயர் கிடைத்ததால் 1998-ல் சாகிறவரை அதைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றவை எங்கே போயின? யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

■ ஒரு சந்தேகம்

ஐயா, கட்ராவில் எல்லாக் குதிரையும் ஓரமாகத்தான் போகும். நானும் அலறியிருக்கிறேன். அதை வைத்து உங்களுடையது என்று சொல்ல முடியுமா?

■ வேலூரிலிருந்து

எங்க சித்தப்பா நாய்ப் பிரிவில் இருந்தவர். முன்பெல்லாம் வேலைக்கு ஆகாத நாயை ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்று வீட்டில் சொல்லவே மாட்டார். 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரோ கேட்டு, பதில் பேப்பரில் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பிறகு வழக்கு, கண்டனம் என்று போய் அந்த நடைமுறை மாறியது. தீராத நோய் இருந்தால் தவிர ஊசி இல்லை, தத்துக் கொடுக்கிறோம் என்றார்கள். சித்தப்பா ஒரு லாப்ரடாரை வாங்கி வந்தார். வெடிகுண்டு மோப்பம் பிடித்த பெண் நாய், 9 வயசு.

வந்த புதிதில் வீட்டுக்கு யார் பைக்கில் வந்தாலும் ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்துவிட்டுத்தான் விடும். பால்காரர் பயந்து, தெருமுனையிலேயே நின்று மணி அடிக்க ஆரம்பித்தார். அதெல்லாம் போகப் போகப் பழகிவிட்டது.

தீபாவளிக்கு முந்தின நாள் சிவகாசியிலிருந்து பட்டாசுப் பெட்டி வந்தது. கூடத்தில் இறக்கி வைத்ததும் அது எழுந்து வந்து ஒரு முறை மூக்கை வைத்தது, அப்படியே பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டது. குரைக்கவில்லை, அசையவில்லை. பிஸ்கட் காட்டினோம், கூப்பிட்டோம், திரும்பவே இல்லை. பட்டாசு வேண்டுமாம் அதுக்கு என்று பிள்ளைகள் சிரித்தன.

முக்கால் மணி நேரம் கழித்து சித்தப்பா கடையிலிருந்து வந்தார். பார்த்த உடனே முகம் மாறிவிட்டது. வெடிமருந்து இருந்தால் உட்காரணும், அதை நடத்துகிற ஆள் வந்து பார்த்துப் பந்து போடணும், அதுதான் அதன் கூலியாம். யாரும் பந்து போடவில்லையே என்று அது பாட்டுக்குக் காத்திருந்திருக்கிறது. எதிர்வீட்டுப் பையனிடம் டென்னிஸ் பந்தை வாங்கி வந்து போட்டார். அதற்கப்புறம்தான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது.

■ கெய்ரோவில் 2 வருஷம் இருந்தவன்

முதலில் எழுதிய ஐயாவுக்கு. குளம்பில் போட்ட எண் அழிந்துவிடும், சரி. தோலில் போட்ட சூடு அழியாது. அதை வைத்தே ஒரு அம்மா குதிரைகளைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் ஆயிரக்கணக்கான குதிரைகளை எகிப்திலேயே விற்றுவிட்டது. கப்பல் கூலி கட்டுப்படியாகவில்லை. கல் வண்டி, செங்கல் வண்டி, குவாரி என்று போய்விட்டன. 1930-ல் ஒரு படைத்தளபதியின் மனைவியாக கெய்ரோ வந்த டாரதி புரூக், தெருவில் எலும்பும் தோலுமாக வண்டி இழுத்த கிழட்டுக் குதிரைகளின் மேல் ராணுவத்தின் அம்புக்குறிச் சூட்டைப் பார்த்தார். 1931-ல் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, வந்த பணத்தில் மூன்று வருஷத்துக்குள் சுமார் 5,000 குதிரைகளை வாங்கினார். வண்டிக்காரர்களும் ஏழைகள், பிடுங்கிக்கொள்ள முடியாது. விலை கொடுத்தே வாங்கினார்.

வாங்கியதில் பெரும்பாலானவற்றை அவரே கருணைக்கொலை செய்ய வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, இதற்கா வாங்கினார் என்று. 1934-ல் அவர் தொடங்கிய ஆஸ்பத்திரியைச் சய்யிதா ஜைனப் பகுதியில் போய்ப் பார்த்தேன். வாசலில் ஒரு கிழவர் தன் கழுதையின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிற்பது மாதிரியே, முன்னால் இருப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டு. கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

■ கேள்வி

அதே போரில் ஆஸ்திரேலிய வீரர்கள் தங்கள் குதிரைகளை விற்க மனசில்லாமல் தாங்களே சுட்டுவிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். உண்மையா?

■ மெல்போர்னிலிருந்து

இங்கே பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் சொல்கிறார்கள். என் மகளும் அழுதுகொண்டு வந்தாள். அப்படிச் சிலர் செய்திருக்கலாம், பெரும்பாலானவற்றுக்கு நடந்தது அது இல்லை. மத்தியக் கிழக்கில் கடைசியில் மிஞ்சியவை 13,000 சொச்சம். அவற்றைத் தரம் பிரித்தார்கள். வயசானவை, நொண்டியவை சுமார் 2,000-ஐ உத்தரவுப்படி சுட்டார்கள். சுடுவதற்கு முன்பு லாடத்தைக் கழற்றி, பிடரி மயிரையும் வால் மயிரையும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள், அதற்கும் விலை உண்டு. மீதி 11,000-ல் பெரும்பகுதி இந்திய ராணுவத்துக்குத்தான் விற்கப்பட்டது. வேலர் என்ற அந்த இனம் நம் பக்கத்துக்குப் புதிதுமில்லை, 19-ஆம் நூற்றாண்டிலேயே மதராஸ் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதுதான்.

போருக்கு அனுப்பியவை 1,30,000-க்கு மேல். திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. பெயர் சாண்டி. 1915-ல் கலிப்போலியில் குண்டடிபட்டு இறந்த ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரை, அதனால்தான் தனி உத்தரவு. 1918 நவம்பரில் மெல்போர்ன் வந்து சேர்ந்தது. கண் தெரியாமல் போனதும் 1923-ல் அதையும் முடித்துவிட்டு, தலையைப் பாடம் பண்ணிக் கென்பரா போர் நினைவகத்தில் ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். நான் போனபோது கேட்டேன். பழசாகிவிட்டது, கிடங்கில் இருக்கிறது என்றார்கள்.

■ சான் ஆன்டோனியோ

எங்கள் நாயை டாக்டரிடம் காட்டப் போன இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். வியட்நாமில் நாயோடு இருந்தவராம். அங்கே போனவை சுமார் 4,000, வீடு திரும்பியவை 200 அளவில். நாய்கள் 'உபரிச் சாமான்' கணக்கு. ஓய்வுபெற்ற நாயைத் தத்துக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 2000-ல்தான். தன் நாயின் காதுக்குள் பச்சை குத்தியிருந்த எண்ணை மூச்சு விடாமல் சொன்னார். அடுத்த நிமிஷம், வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று என்னையே கேட்டார்.

■ குடியாத்தம் பக்கம்

வேலூர் பாப்பா, சித்தப்பாவை விசாரித்ததாகச் சொல்லம்மா. இந்த வருஷமும் பெட்டி வருவதற்கு முன்னால் பந்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

சந்தேகம் கேட்ட தம்பிக்கு: சத்தியம் பண்ண மாட்டேன். அந்த அம்மா இறங்கினதும் அது நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றது. இரண்டு பக்கச் சுமையையும் இரண்டு ஆள் ஒரே நேரத்தில் இறக்குவதற்கு நிற்கிற நிலை அது. சும்மா ஆள் ஏற்றிப் பழகியது அப்படி நிற்காது. டீக்கடையில் வெல்லம் வாங்கிக் கொடுத்தேன், நக்கிக்கொண்டது. என்னைத் தெரிந்து நக்கியதா, வெல்லத்தைத் தெரிந்து நக்கியதா, எப்படிச் சொல்ல? குதிரைக்காரன் மட்டும் பத்து ரூபாய் கேட்டான். போட்டோ எடுக்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்துவிட்டான்.