பாளையில் ஹவாய் சாப்பாட்டுக் கடை போட்டால் ஓடுமா?

பாளைக்காரன்:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எங்கள் அத்தான் ரொம்ப வருஷம் கப்பல் கிச்சனில் இருந்தவர். அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் இருக்கிற ஹொனலுலுவில் கப்பல் நிற்கும்போதெல்லாம் இறங்கிப்போய் அங்கே இருக்கிற சின்னச் சின்னக் குடும்பக் கடைகளில் சாப்பிட்டு, அந்தச் சமையல் மேல் அவருக்கு ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. இப்போது வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். பாளையங்கோட்டையில் பெருமாள்புரம் பக்கமோ மகாராஜநகர் பக்கமோ முப்பது பேர் உட்காருகிற மாதிரி ஒரு கடை, ஹவாய் சாப்பாடும் அமெரிக்க வீட்டுச் சாப்பாடும் போடுகிற, பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்காரக்கூடிய கடை, அதைத் திறந்தே தீருவேன் என்று நிற்கிறார். போடுகிற பணத்தில் பாதி என்னுடையது. அதனால்தான் கேட்கிறேன்.

அவர் எழுதி வைத்திருக்கிற மெனு இது: லோகோ மோகோ, அதாவது சோற்றுமேல் கறி பேட்டி (கொத்துக்கறியை வடை மாதிரித் தட்டிச் சுட்டது), அதன்மேல் ஆஃப்பாயில், எல்லாவற்றுக்கும் மேல் பிரவுன் கிரேவி. ஹூலி ஹூலி சிக்கன் (சாஸ் தடவிக் கரியில் திருப்பித் திருப்பிச் சுடுகிற கோழி), சிக்கன் காட்சு (ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது), மக்ரோனி சாலட் (மயோனைஸில் கலந்த மக்ரோனி), ஸ்பாம் முசுபி (டின்னில் வருகிற பன்றிக்கறித் துண்டைச் சோற்றுக்கட்டிமேல் வைத்தது). அமெரிக்கப் பக்கத்துக்கு பான்கேக், மேக் அண்ட் சீஸ், ஃப்ரைட் சிக்கன். கடைசியில் ஹவுபியா என்று தேங்காய்ப்பால் இனிப்பு. பச்சை மீனில் போக்கே என்று ஒன்றும் இருந்தது, அதை நானே அடித்துவிட்டேன்.

எங்கள் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "பரோட்டா சால்னாவ விட்டுட்டு எவம்ல இதத் திம்பான்?" பதில் சொல்லத் தெரியவில்லை. பன்றியும் மாடும் இல்லாமல் இந்தச் சமையலைச் செய்ய முடியுமா, கடைக்குள் தென்னை ஓலை, பூமாலை, அன்னாசி என்று அலங்காரம் வைத்தால்தான் கூட்டம் வருமா, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரதவீதி ராஜா:

ஹவாய் என்றால் பீட்சாவில் அன்னாசிப்பழம் போட்டுக் கொடுப்பானே, அந்தக் கூட்டமா? தம்பி, அந்தப் பணத்தை எஃப்டியில் போடும். உங்க அப்பா சொல்வதுதான் சரி.

வேகாஸ் நெல்லையன்:

ராஜா அண்ணாச்சி, அந்தப் பீட்சாவுக்கும் ஹவாய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 1962இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கடை வைத்திருந்த, கிரீஸிலிருந்து குடியேறிய சாம் பனோபௌலோஸ் என்பவர் போட்டுப் பார்த்தது அது. அன்னாசி டின்னில் இருந்த பிராண்ட் பெயரை அப்படியே வைத்துவிட்டார். பாவம், பழி மட்டும் ஹவாய்க்காரன் தலையில்.

நான் லாஸ் வேகாஸில் இருக்கிறேன். ஹவாயில் பெரிய தீவுகள் எட்டு, அங்கிருந்து இங்கே குடியேறியவர்கள் அவ்வளவு பேர் இருப்பதால் இந்த ஊரையே ஒன்பதாவது தீவு என்று சொல்வார்கள். 1966இல் ஹொனலுலுவில் ஆரம்பித்த ஸிப்பீஸ் என்கிற குடும்பக் கடை, தீவை விட்டு முதன்முதலாக வெளியே வந்தது 2023இல், அதுவும் இந்த ஊருக்குத்தான். தம்பியின் அத்தான் மனசில் வைத்திருப்பது கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு கடை என்று நினைக்கிறேன். பாட்டி ஒரு பக்கம் நூடுல்ஸ் சூப் குடிப்பார், பேரன் பான்கேக் தின்பான், அப்பாவுக்கு சோறும் சில்லி என்கிற பீன்ஸ் கொத்துக்கறிக் குழம்பும், ஒரே மேசையில். சட்டை கசங்கியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

இந்தச் சமையலுக்கு அடிப்படை பிளேட் லஞ்ச்தான். இரண்டு கரண்டி சோறு, ஒரு கரண்டி மக்ரோனி சாலட், பக்கத்தில் கறியோ கோழியோ மீனோ. ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கும் அன்னாசித் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போன சீனர், ஜப்பானியர், போர்ச்சுக்கீசியர், கொரியர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லாரும் மதியத்துக்கு அடுக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு போய், காட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு கறியைப் பகிர்ந்து தின்றதிலிருந்து வளர்ந்த சாப்பாடு. மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் தள்ளுவண்டிக்காரர்கள் அதையே அட்டைத் தட்டில் போட்டு விற்றார்கள். காட்சு ஜப்பானியர் கொண்டுவந்தது, சோற்றுக்குப் பக்கத்தில் மயோனைஸ் சாலட் அமெரிக்காக்காரன் பழக்கம். ஆக, கலப்படம்தான் அதன் அசல்.

லோகோ மோகோ இன்னும் எளிமை. 1949 வாக்கில் ஹவாயின் ஹீலோ ஊரில் கையில் அதிகக் காசில்லாத பையன்களுக்காக, சாண்ட்விச்சைவிட மலிவாகவும் சீக்கிரமாகவும் வயிறு நிறைகிற மாதிரி ஒரு சின்னக் கடையில் போட்டுக் கொடுத்தது. சோறு, குழம்பு, கறி, முட்டை. இதை நெல்லையில் விற்க முடியாது என்று யார் சொன்னால் நம்புவது? ஆஃப்பாயில் இல்லாமல் ராத்திரிக்கடையை விட்டு எழுந்திருக்காத ஊர் நம் ஊர்.

ஆகவே ஓலை, பூமாலை எல்லாம் வேண்டாம், அது சுற்றுலாக்காரனுக்குக் காட்டுகிற ஹவாய். "புதுமாதிரி சோற்றுக் கடை" என்று பெயர் வாங்குங்கள், போதும்.

இன்னொன்று, இதை அத்தானிடம் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே ஹூலி ஹூலி கோழியைக் கியாவே என்கிற மரத்தின் கரியில்தான் சுடுவார்கள், அந்தப் புகைதான் ருசியே. கியாவே 1828இல் ஹவாயில் நட்ட வெளிநாட்டு மரம், நம்ம சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே இனவகை. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற வழியெல்லாம் அதுதானே நிற்கிறது! கரிமூட்டம் போடுகிறவர்களிடம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். உலகத்தில் எத்தனை ஹவாய்க் கடைக்காரனுக்கு இந்த யோகம் வாய்க்கும்.

அம்பை மெஸ்:

நான் அம்பாசமுத்திரத்தில் மெஸ் நடத்துகிறவன், கதை எனக்குச் சொல்லத் தெரியாது, அடுப்படி விஷயம் மட்டும் சொல்கிறேன்.

சோறு. அவர்கள் ஐஸ்கிரீம் கரண்டியில் அள்ளி உருண்டையாகப் போடுவது ஒட்டுகிற குட்டை அரிசியில். பொன்னியில் போட்டால் தட்டுக்கு வருவதற்குள் உதிர்ந்துவிடும். பாஸ்மதி பேச்சே வேண்டாம். எங்கள் ஊர் அம்பை 16 பச்சரிசி குட்டையான அரிசிதான், ஆனால் தன்னால் ஒட்டாது, கொஞ்சம் தண்ணீர் கூட வைத்துக் குழைவாக வேகவைத்து, ஆறுவதற்குள் கரண்டியில் அமுக்கிப் போடணும். ஒரு படி வடித்துப் பார்த்துவிட்டு மூட்டை வாங்குங்கள்.

மக்ரோனி சாலட்தான் எனக்குப் பயம். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருஷத்துக்கு என்று தமிழ்நாடு அரசு தடை போட்டது. தடை இருக்கிறதோ இல்லையோ, நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள், முட்டை இல்லாத மயோனைஸ் வாங்கிக்கொள்ளுங்கள். பாளை வெயிலில் சித்திரை மாதம் அதைக் கவுண்டரில் திறந்து வைத்தால் சாயங்காலம் நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பீர்கள். ஐந்து டிகிரிக்குக் கீழே ஃபிரிட்ஜில் இருக்கணும், தட்டு போகும்போதுதான் கரண்டி உள்ளே போகணும், ராத்திரி மிஞ்சினதைக் கொட்டணும். மனசு வராது. ஆனாலும் கொட்டணும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஃபிரிட்ஜுக்கும் சேர்த்துதானா என்று கடை பார்க்கும்போதே கேளுங்கள், நிறைய கட்டடத்தில் விளக்கும் ஃபேனும் மட்டும்தான் ஓடும்.

பன்றி, மாடு இரண்டும் வேண்டாம். தப்பு சரி பேசவில்லை, குடும்பத்தோடு வருகிற கடை என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், பாளையில் அந்த இரண்டு பெயரும் போர்டில் இருந்தால் வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். பேட்டிக்கு ஆட்டுக் கொத்துக்கறியும் கோழியும் கலந்து போடலாம். மட்டன் மட்டும் போட்டால் விலை கட்டாது, கோழி மட்டும் போட்டால் வறண்டுபோகும். கிரேவிக்கு வெண்ணெயில் மைதாவைப் பழுப்பு வரும்வரை பொறுமையாக வறுத்து, கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர் விட்டு, சோயா சாஸ், நிறைய மிளகு. நம்ம ஆள் இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்பான், கிண்ணத்தில் தனியாக ஊற்றிக் கொடுங்கள். சால்னா கேட்டு வளர்ந்த நாக்குக்குத் தட்டில் தெளித்த மாதிரி கிரேவி போட்டால் சண்டைதான் வரும்.

ஹூலி ஹூலிக்கு சோயா, இஞ்சி, பூண்டோடு சர்க்கரையும் சேரும் என்பதால் கரி அனலில் சட்டென்று கருகும். திருப்பித் திருப்பிப் போடுகிற ஆள் வேணும், நடுவில் போன் பார்க்கிற ஆள் வேண்டாம். சர்க்கரைக்குப் பதில் உடன்குடி கருப்பட்டிப் பாகு வைத்துப் பாருங்கள். உங்கள் அத்தான் கோபப்பட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

பெருமாள்புரம் அக்கா:

தம்பி, மெனு முழுக்க வாசித்தேன், சைவத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? மேக் அண்ட் சீஸையும் கடைசி இனிப்பையும் விட்டால் ஒன்றுமே இல்லை, பான்கேக்கிலும் முட்டை. எங்கள் வீட்டில் ஆறு பேரில் மாமியாரும் நானும் சைவம், நாங்கள் இரண்டு பேர் வரவில்லை என்றால் மிச்ச நாலு பேரும் வரமாட்டார்கள், பார்சல் வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து தின்பார்கள். வெள்ளி, செவ்வாய், புரட்டாசி, கார்த்திகை, பாளையில் கிறிஸ்தவர்களுக்குத் தபசு காலம் வேறு, இந்த நாளெல்லாம் கூட்டிப் பாருங்கள். காளான் கிரேவி, ராஜ்மா பேட்டி வைத்து ஒரு சைவ லோகோ மோகோ, சேனைக்கிழங்கில் காட்சு, இரண்டும் போதும். ஆனால் அதே எண்ணெயில் கோழியைப் பொரித்தால் எங்களுக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

மகள் வீட்டுக்கு கலிபோர்னியா போயிருந்தபோது ஹவுபியா சாப்பிட்டிருக்கிறேன். தேங்காய்ப்பால், சர்க்கரை, சோளமாவு, மூன்றே சாமான், கிண்டிக் குளிரவைத்துத் துண்டு போடுவது. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முதலூர் மஸ்கோத் அல்வா தின்ற வாய்க்கு அது சப்பென்று தெரியும், அதைத் தனியாக விற்கப் பார்க்காதீர்கள், சாப்பாட்டோடு ஒரு துண்டு சேர்த்துக் கொடுங்கள்.

மேக் அண்ட் சீஸ் பிள்ளைகளுக்குக் கட்டாயம் இருக்கட்டும். ஃப்ரைட் சிக்கன் தெருவுக்கு நாலு கடை இருக்கிறது, அதில் நீங்கள் போட்டி போட வேண்டாம்.

பாளைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்பாம் முசுபி, ஃப்ரைட் சிக்கன் இரண்டையும் எடுத்துவிட்டார், ஸ்பாமை எடுக்கும்போது மட்டும் முகம் வாடிப்போச்சு. சீமைக்கருவேலம் விஷயம் கேட்டு மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார், இன்றைக்கே கரி பார்க்க ஒட்டப்பிடாரம் பக்கம் போகணுமாம். கருப்பட்டிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பிளேட்டுக்கு என்ன விலை வைக்கலாம், மகாராஜநகரில் ஒரு கடைக்கு அட்வான்ஸ் பேசி வைத்திருக்கிறோம், கொடுத்துவிடலாமா?

அம்பை மெஸ்:

அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதலில் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், ஹூலி ஹூலி பிளேட்டும் லோகோ மோகோவும், முந்தின நாளே ஆர்டர் எடுத்து பார்சலாகக் கொடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு அதற்கும் வேணும், ஆன்லைனில் எடுத்துவிடலாம். விலையை ஊரில் நல்ல சிக்கன் பிரியாணி என்ன விலையோ அதற்குப் பக்கத்திலேயே வையுங்கள், அதைத் தாண்டினால் ஒருதடவை ஆசைக்கு வாங்குவார்கள், மறுவாரம் வரமாட்டார்கள். வாங்கினவர்களே மறுபடி கேட்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், புது ஆள் கணக்கு வேண்டாம். ஆடி முடியட்டும், அதற்குள் தெரிந்துவிடும், அப்போது கடை பேசலாம்.

ரதவீதி ராஜா:

முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு லோகோ மோகோ எழுதிக்கோரும். டபுள் ஆஃப்பாயில். அந்த மக்ரோனி வேண்டாம், அதற்குப் பதிலா ஒரு துண்டு கோழி வையும்.