சைபர் கிரீன் முடிவு நன்றாக இருக்கிறது, சிவப்பணுக்கள் உடைகின்றன: எதை நம்புவது?

கேள்வி:
மரப்பட்டையின் மெத்தனால் சாறு. ஒட்டுண்ணி வளர்ச்சியை அளந்தது சைபர் கிரீனால் (டிஎன்ஏவோடு சேர்ந்து ஒளிரும் சாயம்). மலேரியா ஒட்டுண்ணி ஃபால்சிபேரத்தின் 3டி7 வகை, வளைய நிலை (சிவப்பணுவுக்குள் இளம் பருவம்), 1% தொற்று, 2% ஹீமட்டோகிரிட் (சிவப்பணுக்களின் கன அளவு விகிதம்), 96 குழித் தட்டு, 72 மணி நேரம். ஐ.சி.50 (வளர்ச்சியைப் பாதியாக்கும் அளவு) மில்லிக்கு 18 மைக்ரோகிராம். ஆனால் 50, 100 மைக்ரோகிராம் குழிகளில் மேல்நீர் சிவந்துவிடுகிறது. ஒப்பீட்டு மருந்தான குளோரோகுயினின் ஐ.சி.50 14 நானோமோலார், அதில் சிக்கலில்லை. மலேரியா எதிர்ப்பு என்று எழுதலாமா?

பதில் 1:
இப்போது வேண்டாம். சப்போனின் (சோப்புபோல் அணுச் சவ்வை உடைக்கும் தாவரப் பொருள்) வேலையாக இருக்கலாம். சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கும் ஒட்டுண்ணியும் பிழைக்காது. தட்டு அதை மருந்தின் வெற்றியாகவே காட்டும். தொற்றில்லாத சிவப்பணுவை அதே ஹீமட்டோகிரிட்டில், அதே அளவுகளோடு 72 மணி நேரம் வையுங்கள். பிறகு தட்டைச் சுழற்றி, மேல்நீரை 540 நானோமீட்டரில் படியுங்கள். முழு உடைவுக்கான ஒப்பீட்டுக்கு 1% டிரைட்டான் எக்ஸ்-100 (அணுக்களை உடைக்கும் சோப்புப் பொருள்). ஊடகத்தில் உள்ள பீனால் ரெட் நிறமியும் சாற்றின் நிறமும் அங்கே கொஞ்சம் உறிஞ்சும் என்பதால், சிவப்பணு போடாத குழி ஒவ்வோர் அளவுக்கும் வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 20 மைக்ரோகிராமிலேயே உடைவு தொடங்கினால் அந்த ஐ.சி.50-க்கு அர்த்தமில்லை. உடையாவிட்டாலும் ஈர ஸ்லைடில் பாருங்கள்: முள் முளைத்த, கிண்ணமாய்க் குழிந்த அணுக்களுக்குள் ஒட்டுண்ணி சரியாக வளராது.

பதில் 2:
பட்டை என்றால் டானினும் (துவர்ப்புப் பொருள்) இருக்கும். அடர்நிறச் சாறு ஒளிர்வை விழுங்கிவிடும். மருந்தில்லாமல் வளர்ந்த குழிகளில், கடைசியில் சைபர் கிரீன் கலந்த உடைப்புக் கரைசலை ஊற்றும்போது மட்டும் சாற்றைச் சேர்த்து 485/530 நானோமீட்டரில் (தூண்டல்/ஒளிர்வு) படியுங்கள். ஒளிர்வு குறைந்தால் அந்தக் குறைவு சாற்றின் நிறத்தால் வந்தது, ஒட்டுண்ணி செத்ததால் அல்ல.

சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ கரைப்பானை எப்படிச் சேர்க்கிறீர்கள்? மில்லிக்கு 20 மில்லிகிராம் மூலக்கரைசலை ஊடகத்தில் 100 மடங்கு நீர்த்து, அடுத்தடுத்த நீர்த்தல்களை 1% டிஎம்எஸ்ஓ கலந்த ஊடகத்திலேயே செய்யுங்கள். சம அளவு வளர்ப்பு சேர்ந்ததும் எல்லாக் குழியிலும் 0.5%, உச்ச அளவு 100 மைக்ரோகிராம். வெறும் ஊடகத்தில் நீர்த்தால் டிஎம்எஸ்ஓவும் படிப்படியாகக் குறைந்து, வளைவைக் கோணலாக்கும்.

பதில் 3:
உடைவு உறுதியானால் சாற்றைத் தூக்கி எறிய வேண்டாம். நீரில் கலந்து முதலில் எத்தில் அசிடேட், பிறகு பியூட்டனால் கொண்டு பிரியுங்கள். சப்போனின் பெரும்பாலும் பியூட்டனாலுக்குப் போகும். எத்தில் அசிடேட் பகுதியைத் தனியாகச் சோதியுங்கள். 40 டிகிரிக்கு மேல் உலர்த்தாதீர்கள். 1971-இல் சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழுவுக்குக் குறைந்த வெப்ப ஈதர் பிரிப்பில்தான் ஆர்டிமிசியா செடியின் மலேரியா எதிர்ப்புச் செயல் பிடிபட்டது. கூடவே ஹெப்ஜி2 (மனிதக் கல்லீரல்) அல்லது வீரோ (குரங்குச் சிறுநீரகம்) செல்களில் நச்சுத்தன்மையையும் பாருங்கள். தேர்வுக் குறியீடு (செல்லுக்கு நச்சாகும் அளவை ஒட்டுண்ணிக்கான ஐ.சி.50-ஆல் வகுத்த எண்) 10-ஐத் தாண்டினால் குளோரோகுயினை எதிர்க்கும் டிடி2 வகைக்குப் போகலாம்.

கேள்வி கேட்டவர்:
ஒளிர்வுச் சோதனையை முதலில் செய்கிறேன், ஒரு நாளில் முடிந்துவிடும். உடைவுத் தட்டு அடுத்த வாரம்.