கடற்கரை வீட்டுக்கு எது சரி: கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா, பிஎஸ்5-ஆ?

தூத்தூரான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆழ்கடல் போட்டில் தொழில் செய்கிறவன். கடலுக்குப் போனால் கரை சேர மாதம் ஆகிவிடும், வந்தால் சில நாள் வீடு. ஜூன், ஜூலை தடைக்காலத்தில் மட்டும் இரண்டு மாதமும் முழுசாக வீட்டில்தான். அப்போது விளையாடத்தான் ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். கையில் 90,000 ரூபாய் இருக்கிறது. அதற்கு மேல் போனால் வீட்டுக்காரிக்குக் கணக்குச் சொல்லி மாளாது.

எனக்கு விளையாட்டு என்றால் பந்துதான். எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் ஃபுட்பால் கிளப் உண்டு, தெரிந்திருப்பீர்கள். முட்டி போனதிலிருந்து நான் வெளியே நின்று சத்தம் போடுவதோடு சரி. அதனால் எஃப்சி என்கிற ஃபுட்பால் கேம் வேண்டும், மச்சான்மார் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஆட வேண்டும். ஜிடிஏ 6 வந்தால் அதுவும்.

இங்கேதான் தம்பி குறுக்கே வருகிறான். மெக்கானிக்கல் முதலாம் ஆண்டு, நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். "கேமிங் லேப்டாப் எடுத்தால் உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு அண்ணே" என்கிறான். சாலிட்வொர்க்ஸ் என்கிற டிசைன் சாஃப்ட்வேர் ஓட ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாதாம். அவன் ராத்திரி ஆடுவது வாலரண்ட், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடு கடலை ஒட்டி. ஜன்னல் கம்பி, கேட், ஃபேன் எதுவும் துரு ஏறாமல் இருந்ததில்லை. மழை பிடித்தால் கரண்ட் போகும், ஃபைபர் நெட்டும் கூடவே போகும். இன்வெர்ட்டர் இருக்கிறது. நான் பார்த்த வீடியோ எல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் எடுத்தது. நம்ம ஊர்க்காரர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கோட்டாறு கோலி:

அண்ணே, பந்து ஆடத்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) எடுங்கள். டிவியில் செருகினால் முடிந்தது.

ஜிடிஏ 6-ஐ பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இவற்றுக்கு மட்டும்தான் அறிவித்திருக்கிறார்கள். முதலில் 2025 என்றார்கள், அப்புறம் 2026 மே, இப்போது 2026 நவம்பர் 19. கம்ப்யூட்டருக்கு எப்போது என்று பேச்சே இல்லை. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, கம்ப்யூட்டருக்கு வந்து சேர 2015 ஏப்ரல் ஆயிற்று. 90,000 போட்டு லேப்டாப் எடுத்துவிட்டு ஜிடிஏ 6 ஆட அடுத்த வீட்டுக்குப் போகப் போகிறீர்களா?

டிஸ்க் போடுகிற மாடலாகப் பார்த்து எடுங்கள். பெரிய கேம் புதிதாக வந்தால் 5,000 ரூபாயைத் தொடுகிறது. டிஸ்க் என்றால் ஆடி முடித்துக் கைமாற்றலாம். நாங்கள் கூட்டாளிகள் ஆளுக்கொன்று வாங்கி மாற்றி மாற்றித்தான் ஆடுகிறோம். நெட்டில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்ட வேண்டும், அதை மறக்காதீர்கள். வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடச் சந்தா வேண்டாம்.

தக்கலைக்காரி:

அண்ணா, உங்கள் தம்பி பக்கம் நான் பேசுகிறேன். ஆனால் முழுசாகப் பேச மாட்டேன்.

என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 4050 போட்ட கேமிங் லேப்டாப். படிப்பு, புராஜெக்ட், கேம் எல்லாம் அதில்தான். கரண்ட் போனாலும் மேட்ச் நடுவில் அணையாது. ஆனால் சார்ஜரைப் பிடுங்கியவுடன் கேம் இழுக்க ஆரம்பித்துவிடும், ஏனென்றால் பேட்டரியால் அந்த கார்டுக்கு வேண்டிய பவரைக் கொடுக்க முடியாது. கேமிங் லேப்டாப்பைச் சாதாரண லேப்டாப் மாதிரி எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து ஆடலாம் என்று தம்பி நினைத்திருந்தால் அது நடக்காது.

பாரம் இன்னொன்று. லேப்டாப் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல், செங்கல் மாதிரி சார்ஜர் தனி. காலையில் தக்கலையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் நின்றுகொண்டே போகிற பஸ்ஸில் அதைத் தோளில் போட்டுப் பாருங்கள். முதல் மாதம் கொண்டு போனேன். இப்போது வீட்டில் இருக்கிறது, நான் நோட்டோடு போகிறேன்.

மெக்கானிக்கல் முதல் வருடத்தில் பெரும்பாலும் டிராயிங் ஷீட்டும் மினி டிராஃப்டரும்தான். கேட் (கம்ப்யூட்டரில் டிசைன் வரைவது) பாடம் வரும்போது கல்லூரி லேப் இருக்கும். "கார்டு இல்லாமல் முடியாது" என்று அவன் சொல்வது வாலரண்டுக்காகத்தான் இருக்கும். அதுகூட கார்டு இல்லாமல் ஓடும், அதுதான் தமாஷ்.

மார்த்தாண்டம் சர்வீஸ்:

தம்பி, நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கேமிங் லேப்டாப் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது என்ன கேம் ஆடுவாய் என்பதை இல்லை. வீடு எங்கே, எர்த் போட்டிருக்கிறதா, இதைத்தான். கடற்கரை ஊர்ப் பெயரைச் சொன்னால் கொஞ்சம் உட்காரச் சொல்லுவேன்.

லேப்டாப்பைப் பற்றி. பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது, வாட்டைப் பார்க்க வேண்டும். ஒரே ஆர்டிஎக்ஸ் 4050 ஒரு மாடலில் 35 வாட்டில் ஓடும், இன்னொன்றில் 115 வாட் வரை போகும். பெட்டி மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றுதான். உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரே கம்பெனி எஞ்சினில் குதிரைசக்தி கேட்காமல் வாங்குகிறதைப் போல. மெல்லிசாக அழகாக இருக்கிறதெல்லாம் பெரும்பாலும் குறைந்த வாட். கடையில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒண்ணு இல்லை. கம்பெனி வெப்சைட்டில் டிஜிபி (கார்டு இழுக்கிற மொத்த வாட்) என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்.

ஆனால் உன் வீட்டுக்கு வாட் பெரிய கவலை இல்லை, உப்புதான். கேம் ஓடும்போது விசிறி வெளிக்காற்றை வாரி உள்ளே இழுக்கும். கடற்கரையில் அந்தக் காற்றோடு உப்பும் ஈரமும் போய் போர்டில் உட்காரும். ஆடுகிற நேரம் சூட்டில் காய்ந்திருக்கும். அணைத்து வைத்த பிறகுதான் ஈரத்தை இழுத்து, பச்சை பூத்து, சிப்பின் கால்களை ஒவ்வொன்றாக அரித்துவிடும். லேப்டாப்பில் கார்டு, பிராசஸர் எல்லாம் ஒரே போர்டில் சால்டர் செய்தது. ஒன்று போனால் போர்டையே மாற்று என்பார்கள், அந்த விலைக்குச் சாதாரண லேப்டாப் ஒன்று வந்துவிடும். அதற்கும் திருவனந்தபுரத்துக்கு ஓட வேண்டியிருக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து மழைக்காலம் முடிந்து என் மேசைக்கு வருகிறதில் நிறைய இந்தக் கேஸ்தான்.

டெஸ்க்டாப் என்றால் எனக்குச் சந்தோஷம். ரேம் போனால் ரேம், எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை போனால் அது, மார்த்தாண்டத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி பிரஷ் போட்டு ஊதலாம். வெறும் விளையாட்டுக்கு, நீ ஒருத்தன் மட்டும் ஆட, வருடம் முழுக்கக் கரையில் இருக்கிற ஆளாக இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் 90,000-க்குள் மானிட்டர், கீபோர்டு, நல்ல யுபிஎஸ் எல்லாம் அடங்க வேண்டும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறியதிலிருந்து அந்தக் கணக்கு இடிக்கிறது. எல்லாம் போக கார்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். தம்பிக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சரி, பிஎஸ்5. உன் கேஸுக்கு அதுதான் என்று எனக்கும் படுகிறது, ஆனால் கோட்டாறுத் தம்பி சொன்ன மாதிரி செருகி ஆடிவிட்டு விட்டுவிடுகிற சாமான் இல்லை. அதன் பிராசஸர் மேல் சூட்டைக் கடத்துகிற சாதாரண பேஸ்ட் கிடையாது, திரவ உலோகம் போட்டிருக்கிறார்கள். பழக்கமில்லாதவன் பிரித்து அது போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் செல்போன் கடையில் "நான் க்ளீன் பண்ணித் தாரேன்" என்று கை நீட்டினால் கொடுக்காதே. பக்கத்து மூடியை நீயே கழற்றலாம், அதற்குத் தோதாகத்தான் செய்திருக்கிறார்கள். உள்ளே தெரிகிற தூசியை வேக்யூம் வைத்து இழுத்தால் போதும்.

அடுத்தது மின்னல். இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, எச்டிஎம்ஐ வயரையும் நெட் வயரையும் சேர்த்துக் கழற்று. கேபிள் டிவி வயர் வழியாக டிவிக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக கன்சோலுக்குள் போய்விடும். போர்டில் அந்தப் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஐசிதான் முதலில் சாகும். 2017 நவம்பர் 30 ஓகி புயல் அடித்த பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போதெல்லாம் ஒரு பொருளும் கெடவில்லை. கரண்ட் திரும்பி வந்து கூடியும் குறைந்தும் ஆட்டம் போட்டபோதுதான் என் கடையில் எஸ்எம்பிஎஸ் குவிந்தது. கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடு.

கணக்கு இப்படி. பிஎஸ்5 ஸ்லிம் இந்தியாவுக்கு 2024 ஏப்ரலில் வந்தபோது டிஸ்க் மாடல் 54,990, டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடல் 44,990. இன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொள். பெட்டியில் ஒரு கன்ட்ரோலர்தான் இருக்கும், மச்சானுக்கு இன்னொன்று ஆறாயிரம் பக்கம் ஆகும். மீதியில் தம்பிக்கு ஒரு சாதாரண லேப்டாப், கார்டு இல்லாதது, 16 ஜிபி ரேம். புதிது எட்டாவிட்டால் ஆபீஸில் ஓடி வந்த பழையது எடுக்கலாம். ஆனால் இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் கீழே தொடாதே. விண்டோஸ் 10-ஐ 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது, அதற்குக் கீழே உள்ளதில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்கிற இரண்டு பாதுகாப்பு வசதியும் கேட்கும். வாலரண்டை லோ செட்டிங்கில் வைத்து ஆடிக்கொள்ளட்டும், படிப்புக்கும் கெடுதல் இல்லை.

கோட்டாறு கோலி:

அண்ணாச்சி சொன்னால் சரி. ஆனால் டிஜிட்டல் எடுக்கச் சொல்லாதீர்கள். மழையில் நெட் போகிற வீட்டில் 100 ஜிபி கேமை எப்படி இறக்குவது?

மார்த்தாண்டம் சர்வீஸ்:

டிஸ்க் போட்டாலும் அப்டேட் இறங்கத்தான் வேண்டும் மக்கா. ஆனால் நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்லிம் டிஜிட்டலில் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி அப்புறமும் மாட்டிக்கொள்ளலாம். முதல் முறை மாட்டும்போது மட்டும் நெட் இருக்க வேண்டும். இப்போது கையில் காசு குறைவு, அடுத்த தடவை சூரை மீன் நல்லபடியாகக் கிடைத்தால் டிரைவ் வாங்கிக்கொள்ளட்டும்.

தூத்தூரான்:

எல்லாருக்கும் நன்றி. தக்கலைத் தங்கச்சி எழுதியதைத் தம்பியிடம் காட்டினேன், முகம் சுருங்கிவிட்டது. அவனுக்குத் தனியாக ஒரு லேப்டாப் என்றதும் கொஞ்சம் தெளிந்தான்.

அண்ணாச்சி, இரண்டு சந்தேகம். எங்கள் வீட்டில் டிவி பக்கத்து இரும்பு ஸ்டாண்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். அப்புறம், இன்வெர்ட்டருக்கு மாறும்போது டிவி அணைந்து மறுபடி வருகிறது. பிஎஸ்5-உம் அப்படி அணையுமா? நான் கடலில் இருக்கும்போது அதை எப்படி வைப்பது?

மார்த்தாண்டம் சர்வீஸ்:

ஷாக் அடிப்பதை விட்டுவிடாதே. எர்த் இல்லை, அல்லது எங்கோ துருப்பிடித்து அறுந்திருக்கிறது. கடற்கரையில் எர்த் கம்பி சீக்கிரம் தின்றுபோகும். பிஎஸ்5 வாங்குவதற்கு முன் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொல். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், விளையாட்டைவிட அது முக்கியம்.

இன்வெர்ட்டரின் பின்னால் அல்லது பக்கத்தில் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறும் நேரம் கூடுதல், அதனால்தான் டிவி அணைகிறது. யுபிஎஸ் பக்கம் தள்ளு. சைன் வேவ் இன்வெர்ட்டர்தானா என்றும் பார், ஸ்கொயர் வேவ் என்றால் அதில் பிஎஸ்5-ஐப் போடாதே. ஆடும்போது பிஎஸ்5 200 வாட் பக்கம் இழுக்கும், டிவி ஒரு 100 வைத்துக்கொள். 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். அதற்கு ஃபேனை அணைக்க விடுவார்களா என்பது உன் வீட்டுக்காரியைப் பொறுத்தது.

நீ இல்லாதபோது பிளாஸ்டிக் கவரில் கட்டிவைக்கிற வேலை வேண்டாம், உள்ளே போன ஈரம் உள்ளேயே நிற்கும். கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் உள் அறையில் வை. வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் தம்பியை ஓட்டச் சொல், சூட்டில் காய்ந்துவிடும். சந்தோஷமாகச் செய்வான்.

தக்கலைக்காரி:

அரை மணி நேரமா, தம்பியா! அண்ணா, பாஸ்வேர்டு போட்டு வையுங்கள்.

தூத்தூரான்:

வயர்மேன் நாளைக்குக் காலையில் வருகிறார். இன்வெர்ட்டரைப் பார்த்தேன், சுவிட்ச் நார்மலில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். மெயினை அணைத்துப் பார்த்தேன், டிவி அணையவில்லை. டிவியில் கேம் மோடு என்று ஒன்று இருக்கிறதே, பந்து ஆட அதைப் போட வேண்டுமா?

கோட்டாறு கோலி:

கட்டாயம் போடுங்கள் அண்ணே. போடாவிட்டால் படத்தை அழகாக்கவே டிவி நேரம் எடுத்துக்கொள்ளும், நீங்கள் பாஸ் அழுத்தி அது திரையில் போவதற்குள் மச்சான் பந்தைப் பிடுங்கிவிடுவார்.