குதிரை லாரியின் லெஷர் பேட்டரி ஓர் இரவுகூடத் தாங்கவில்லை: அவசர உதவி தேவை

ஹார்ட்ஃபோர்ட்ஷையர்_அப்பா (சனி, இரவு 11:52)
வணக்கம். மகளின் குதிரைப் போட்டிக்காக வந்து, மைதானத்தில் லாரியிலேயே இரவு தங்கியிருக்கிறோம். வாழும் பகுதிக்கு மின்சாரம் தரும் லெஷர் பேட்டரியில் (இன்ஜினுக்கான பேட்டரி வேறு) மாலையில் நன்றாக எரிந்த விளக்குகள் ஒன்பது மணிக்கே மங்கிவிட்டன. டீசல் ஹீட்டர் இரண்டு நிமிடம் உறுமிவிட்டு அணைந்துவிடுகிறது. பம்பும் ஓடாததால், குதிரைக்கான வாளியைப் பக்கத்து லாரிக்காரரிடம் நிரப்பி வந்தேன். இன்று இரண்டரை மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறோம், ஆகவே பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். அதை வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. இன்ஜின் பேட்டரியிலிருந்து ஜம்ப் வயர் போட்டுப் பார்க்கலாமா?

சசெக்ஸ்_வேன் (ஞாயிறு, 12:10)
லாரி 3.5 டன்னா, 7.5 டன்னா? எந்த ஆண்டு வண்டி? பேட்டரியின் கொள்ளளவு எத்தனை ஆம்பியர்மணி? கூரையில் சோலார் இருக்கிறதா? இவற்றைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது. புதிய யூரோ 6 (ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வேன் என்றால் நோயை இப்போதே சொல்லிவிடுவேன்: அவற்றின் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக மின்னழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் பழைய பாணி ஸ்பிளிட் சார்ஜ் ரிலே (இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் சுவிட்ச்) லெஷர் பேட்டரியை ஒருபோதும் நிரப்பாது. என் வேனில், மின்னழுத்தத்தைச் சரிசெய்து தரும் டிசி-டிசி சார்ஜர் மாட்டிய பிறகுதான் தொல்லை தீர்ந்தது.

கென்ட்_லொறிக்காரன் (ஞாயிறு, 12:31)
தம்பி, முதலில் ஜம்ப் வயரைக் கீழே வையுங்கள். 7.5 தொன் லொறிகளில் பெரும்பாலானவை 24 வோல்ற். அதிலிருந்து 12 வோல்ற் பற்றரிக்கு நேரே இணைத்தால் பற்றரி கொதித்து வெடிக்கவும் கூடும், பக்கத்தில் வைக்கோலும் குதிரையும் நிற்கின்றன. ஹீற்றரையும் திரும்பத் திரும்ப முயற்சிக்க வேண்டாம். அது தொடங்கும்போது பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்க 8 முதல் 10 அம்பியர் வரை இழுக்கும், பலவீனமான பற்றரி அந்த நொடியில்தான் விழுந்துவிடும். எனக்குத் தெரிந்தவரை இது சல்பேற் பிடித்த பற்றரி. குளிர்காலம் முழுவதும் சார்ஜ் இல்லாமல் கிடந்திருந்தால் தட்டுகளில் ஈய சல்பேற் கெட்டிப்பட்டிருக்கும்.

இரவுக்காவல் (ஞாயிறு, 7:15)
குதிரைப் பகுதியில் கேமரா இருக்கிறதா? எங்கள் வண்டியில் கேமராவும் அதன் திரையும் சுவிட்சை அணைத்த பிறகும் அரை ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தன. அரை ஆம்பியர் என்றால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்மணி, ஒரு வாரம் வண்டி சும்மா நின்றாலே பேட்டரி காலி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகடிவ் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை இடையில் வைத்துப் பாருங்கள்.

மின்பொறியாளர்_70 (ஞாயிறு, 8:40)
இதே கேள்விக்கு நான் எத்தனையோ முறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. ‘ஓட்டினேன், ஆகவே சார்ஜ் ஆகியிருக்கும்’ என்பது நம்பிக்கையே தவிர அளவீடு அல்ல. ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்குங்கள். சார்ஜும் சுமையும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் ஈய அமிலப் பேட்டரியில் 12.7 வோல்ட் இருந்தால் அது நிறைந்தது, 12.2 இருந்தால் பாதி, 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. வண்டியை நிறுத்திய உடனே பார்த்தால் மேல்மட்டச் சார்ஜ், அதாவது சற்று நேரம் மட்டும் நிற்கும் கூடுதல் வோல்ட், ஏமாற்றும். அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, லெஷர் பேட்டரியின் டெர்மினலிலேயே அளவெடுங்கள். 14-ஐ ஒட்டி ஏறாவிட்டால் சார்ஜ் அங்கு வந்து சேரவே இல்லை. இந்த இரண்டு எண்களோடு வந்தால் பேசலாம்.

ஹார்ட்ஃபோர்ட்ஷையர்_அப்பா (ஞாயிறு, 1:05)
அனைவருக்கும் நன்றி, ஜம்ப் வயர் போடவில்லை. லாரி 7.5 டன், 2006-ஆம் ஆண்டு வண்டி. பேட்டரி 110 ஆம்பியர்மணி. சோலார் இல்லை. கேமரா இருக்கிறது. காலையில் 11.4 காட்டியது, இன்ஜின் ஓடும்போதும் அதே 11.4 தான்.

மின்பொறியாளர்_70 (ஞாயிறு, 1:30)
இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் ஓர் இரவு மிச்சமாகியிருக்கும். உங்கள் ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் தருவது. அதை 14 ஆக இறக்கித்தரும் சார்ஜர் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும், அல்லது எவரேனும் இரண்டு இன்ஜின் பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டைத் திருடியிருக்க வேண்டும். பின்னது என்றால் உடனே நீக்குங்கள். ஒரு பேட்டரி எப்போதும் குறைவாகவும் மற்றது அளவுக்கு மேலும் சார்ஜ் ஆகி இரண்டுமே சீக்கிரம் சாகும்.

சசெக்ஸ்_வேன் (ஞாயிறு, 2:12)
எப்படியும் பேட்டரியை மாற்றத்தான் போகிறீர்கள், லித்தியத்துக்குப் போய்விடுங்கள். ஈய அமிலத்தில் 110 என்று எழுதியிருந்தாலும், அதன் ஆயுளைக் காக்க வேண்டுமானால் 55-க்கு மேல் எடுக்கக் கூடாது. லித்தியத்தில் பெரும்பகுதியை எடுக்கலாம், எடையும் ஏறக்குறைய பாதிதான். 3.5 டன் எடை வரம்புள்ள வண்டியில் ஒவ்வொரு கிலோவும் குதிரைக்குச் சொந்தம்.

கென்ட்_லொறிக்காரன் (ஞாயிறு, 2:40)
அவருடையது 3.5 தொன் இல்லை. ஜனவரியில் களஞ்சியத்தருகே நிற்கும் லொறியில் லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெட்டுவிடும். என் ஈயப் பற்றரிகளுக்கு மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து காய்ச்சி வடித்த நீர் விட்டு, மூன்று கட்டங்களாகச் சார்ஜ் செய்யும் சார்ஜரில் ஓர் இரவு வைக்கிறேன், ஆறு வருடம் உழைக்கின்றன.

சசெக்ஸ்_வேன் (ஞாயிறு, 2:58)
நல்ல லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை, குளிரில் சார்ஜைத் தானே துண்டித்துவிடும். பேட்டரியை இருக்கைக்கு அடியில், உள்ளே வைத்தால் அந்தப் பிரச்சினையே எழாது.

கென்ட்_லொறிக்காரன் (ஞாயிறு, 3:20)
துண்டித்துவிட்டால் அன்று சார்ஜ் ஏறாது என்றுதானே பொருள்? காலியான ஈயப் பற்றரியும் கடுங்குளிரில் உறைந்து வெடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் நிறைத்து வையுங்கள் என்கிறேன்.

இரவுக்காவல் (ஞாயிறு, 4:05)
இருவரும் சொல்வது சரியாகவே இருக்கட்டும், அவருடைய பேட்டரிக்கு ஏன் சார்ஜ் வரவில்லை என்பதல்லவா கேள்வி? அண்ணா, வாழும் பகுதியின் இருக்கைகளைத் தூக்கிப் பாருங்கள். எங்கள் சார்ஜரை முன்னாள் உரிமையாளர் அங்கேதான் ஒளித்து வைத்திருந்தார். இன்னொன்று: ஹீட்டர் அணைந்து, விசிறி ஓடி முடியும் வரை மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள், சூடு தணியாமல் மின்சாரத்தை நிறுத்தினால் உள்ளே பழுதாகும்.

ஹார்ட்ஃபோர்ட்ஷையர்_அப்பா (வியாழன், இரவு 9:47)
இருக்கைக்கு அடியில், சேணத்துணிகளுக்குப் பின்னால் 24-இலிருந்து 12-க்கு இறக்கும் சார்ஜர் இருந்தது. அதற்கு வரும் வயரில் இருந்த ஃபியூஸ் கூட்டைத் திறந்தபோது உள்ளே பச்சைப் பூத்து, ஃபியூஸின் ஒரு கால் கையோடு உதிர்ந்துவிட்டது. ஈரக் கம்பளிகளைப் பல வருடமாக அங்கேதான் போட்டு வந்திருக்கிறோம். கூட்டை மாற்றியதும் டெர்மினலில் 14.3 ஏறியது. ஆனால் இரவு முழுக்கச் சார்ஜ் செய்தும், மறுநாள் காலையில் பேட்டரி 10.6-இல் நின்றது.

கென்ட்_லொறிக்காரன் (வியாழன், இரவு 10:02)
பற்றரிக்குள் இருக்கும் ஓர் அறை (செல்) செத்துவிட்டது, தம்பி. ஆறு அறைகளில் ஒவ்வொன்றும் இரண்டு வோல்ற்றுக்குச் சற்று மேல், நீங்கள் பார்ப்பது ஐந்து. வருடம் முழுவதும் பாதிப் பட்டினியில் கிடந்த பற்றரி அது, இனி மீளாது.

ஹார்ட்ஃபோர்ட்ஷையர்_அப்பா (சனி, காலை 6:20)
புதிய ஈய அமிலப் பேட்டரி மாட்டியாயிற்று. இரவு ஹீட்டர் ஓடியது, காலையில் 12.5. குதிரையை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். மிக்க நன்றி.

இரவுக்காவல் (சனி, காலை 6:41)
மகிழ்ச்சி. அந்தக் கேமரா எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தீர்களா?