ஸ்கேனில் இருந்த கொரில்லா மருத்துவர்களின் கண்ணில் ஏன் படவில்லை?

கேள்வி
நான் கதிரியக்கத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவன். நுரையீரல் சி.டி. படங்களில் சிறு முடிச்சுகளை (புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய சிறு கட்டிகளை) தேடுமாறு 24 கதிரியக்க மருத்துவர்களிடம் சொல்லிவிட்டு, கடைசி நோயாளியின் படங்களில் முடிச்சைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைச் சேர்த்தபோது, 20 பேர் அதைக் கவனிக்கவில்லை என்கிறது டிரூ, வோ, வுல்ஃப் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு. அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை உருவம் இருந்த இடத்திலேயே விழுந்ததாகக் கண்ணசைவுப் பதிவு காட்டுகிறது. பார்வை பட்டும் தெரியாமல் போனதற்குக் காரணம் அசட்டையா, பயிற்சிக் குறைவா?

முதல் பதில்
இரண்டும் இல்லை. பயிற்சி பெறாதவர்களிடம் அதே படங்களைக் காட்டியபோது ஒருவர்கூடக் கொரில்லாவைக் காணவில்லை. சி.டி. என்பது உடலைக் குறுக்காக மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் படங்களின் வரிசை. அதனால் இரத்தக் குழாயும் ஒரு படத்தில் முடிச்சைப் போலவே வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும்; படங்களை உருட்டிக்கொண்டே போனால் குழாய் தொடர்ந்து ஓடும், முடிச்சோ சட்டெனத் தோன்றி மறையும். இந்த நுட்பமான வேறுபாட்டைப் பிடிப்பதற்காக, சிறியதும் உருண்டையும் வெளிறியதுமானவற்றுக்கு மனம் முன்னுரிமை தந்துவிடுவதால், அந்த அடையாளங்களுக்குள் அடங்காதது கண்ணில் பட்டாலும் கவனத்துக்கு வருவதில்லை.

கேட்டவர்
அப்படியானால் எதையும் எதிர்பார்க்காமல் பார்ப்பதுதான் நல்லதா?

இரண்டாம் பதில்
எதிர்பார்ப்பே இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான படங்களை ஒருவர் பார்த்து முடிக்கவே முடியாது. சிக்கல் வேறோர் இடத்திலும் இருக்கிறது: தேடும் பொருள் எவ்வளவு அரிது என்ற எதிர்பார்ப்பும் முடிவை மாற்றுகிறது. வுல்ஃப் குழுவினர் 2005இல் வெளியிட்ட பரிசோதனையில், பாதிப் படங்களில் இலக்கு இருந்தபோது 7 சதவீதம் தவறவிடப்பட்டது. 100இல் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது அது 30 சதவீதமாக உயர்ந்தது. 'இல்லை' என்பதே பெரும்பாலும் சரியான விடையாக இருக்கும்போது, தேடலை முடித்துக்கொள்ளும் அவசரம் தானாக வந்துவிடுகிறது. 'இன்னும் கவனமாகப் பார்' என்று கண்டிப்பதால் இது தீராது என்பது என் கருத்து.

மூன்றாம் பதில்
விமான நிலையங்களில் பைகளின் எக்ஸ்ரே படத்தில் போலித் துப்பாக்கி, வெடிகுண்டு உருவங்களை மென்பொருளே இடையிடையே புகுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். சந்தேகப் பொருள் இருப்பதாக ஊழியர் பொத்தானை அழுத்தியதும் அது சோதனைப் படம் என்று திரை சொல்லிவிடும்.

மருத்துவமனையில் கொரில்லா வரப்போவதில்லை. முடிச்சைத் தேடும்போது விலா எலும்பு முறிவு விடுபடுவதும், ஒன்றைக் கண்டுபிடித்த நிறைவில் இரண்டாவது தப்பிப்போவதும்தான் உண்மையான கவலை. ஆகவே முதல் முடிச்சு கிடைத்த பிறகும் நுரையீரல், எலும்பு, மார்புச் சுவர், மேல் வயிறு என்று வரிசை மாறாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து முடிக்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.