ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசம்: அப்பா காலுக்கு வெயிட் கட்டலாமா?

அனுப்பானடிக்காரன்:
அப்பாவுக்கு வயசு 61. இடது பக்கம் இழுத்துக்கிச்சு. இப்ப கம்பு ஊன்டி நடக்குறாரு. தினமும் காலையில தெப்பக்குளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு பக்கச் சுவர் முடியுறதுக்குள்ள உட்கார்ந்திடுறாரு. காலைத் தூக்கி வைக்காம அரைவட்டமா வீசுறாரு, பெருவிரல் தரையில உரசுது, செருப்பு கழண்டு போகுது. பிசியோ ஒரு கிலோ மணல் பை கட்டச் சொல்லியிருக்கார். சித்தப்பாவோ, "வெயிட்டக் கட்டுனா கால் இன்னும் விறைச்சுக்கும், எண்ணெய் தேய்ச்சா போதும்"ங்கிறார். யார் பேச்சைக் கேக்க?

பழைய கண்டக்டர்:
தம்பி, 29 வருஷம் கம்பியப் பிடிக்காம டிக்கெட் கிழிச்சவன் நான். 2019ல வலது பக்கம் விழுந்துச்சு. பாத்ரூம் வாசப்படி தாண்ட ரெண்டு பேர் வேணும். நடந்தா நடை வந்துரும்னு நானும் நடையா நடந்தேன். நடந்ததெல்லாம் நல்ல கால்தான். மத்தது வித்தவுட்டுல வர்ற ஆள் மாதிரி சும்மா கூட வந்துச்சு.

எனக்குப் பயிற்சி கொடுத்த பொண்ணு முதல்ல செய்யச் சொன்னது, கைய ஊன்டாம நாற்காலியில இருந்து எந்திரிச்சு உட்கார்றது. உயரத்துக்குப் போர்வையை மடிச்சுப் போட்டுக்கிட்டேன். வாதம் வந்த காலைக் கொஞ்சம் பின்னாடி இழுத்து வைக்கணும், அப்பத்தான் பாரம் அதுல இறங்கும். எட்டு தடவை, கொஞ்சம் உட்கார்ந்துட்டு இன்னொரு எட்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். லேசானதும் போர்வையை எடுத்துட்டேன். அப்புறம் வாசப்படி ஏறி இறங்குறது, ஜன்னல் கம்பியப் பிடிச்சுக் குதிகாலைத் தூக்குறது. ஆளை முன்னாடி உந்துறது கெண்டைக்கால்தான், அதை எவனும் கண்டுக்கிறதில்ல. முதல் மாசம் தினம் அழுதேன், சொல்றதுக்கென்ன.

மூச்சை மட்டும் பிடிக்கக் கூடாது, பிரஷர் ஏறும். சத்தமா எண்ணணும். நான் ஸ்டாப்பு சொல்லித்தான் எண்ணுவேன்: ஆரப்பாளையம், சிம்மக்கல், கோரிப்பாளையம், அண்ணா பஸ் ஸ்டாண்டு, கே.கே.நகர், மாட்டுத்தாவணி, உத்தங்குடி, ஒத்தக்கடை. ஒத்தக்கடையில இறங்கி உட்காரலாம்.

மேலூர் பிசியோ:
சித்தப்பாவோட பயம் ஒரு காலத்துல எங்க படிப்புலயே இருந்ததுதான். ஆராய்ஞ்சு பார்த்ததுல வலுப்பயிற்சியால விறைப்பு கூடல. ஆனா வலு ஏறிட்டா நடை தானா மாறிடாது, நடையையும் தனியாப் பழகணும். மணல் பை உட்கார்ந்து முழங்காலை நீட்டுற பயிற்சிக்கு. அதைக் கட்டிக்கிட்டுத் தெப்பக்குளத்தைச் சுத்த விட்டுராதீங்க. பெருவிரல் உரசுதுன்னா பாதம் தொங்குது, ஸ்பிளின்ட் (பாதம் தொங்காமத் தாங்கிப் பிடிக்கிற பட்டை) தேவையான்னு உங்க பிசியோகிட்ட கேளுங்க. பின்னாடி வார் உள்ள செருப்பு வாங்குங்க. கம்பு வலது கையில. பிரஷர் கட்டுக்குள்ள இருக்கான்னு டாக்டர்கிட்ட பார்த்துட்டு ஆரம்பிங்க. செலவு கட்டுபடியாகலன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிங்க, 2021ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே பிசியோ வருவாங்க.

அனுப்பானடிக்காரன்:
இன்னைக்கு ரெண்டு போர்வை போட்டு ஆறு தடவை எந்திரிச்சாரு. ஆறாவது எந்த ஸ்டாப்புன்னு கேக்குறாரு.

பழைய கண்டக்டர்:
மாட்டுத்தாவணி. இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்குன்னு சொல்லு.